எட்டு வாட் போதுமா: சிறிய ஆம்ப்ளிஃபையரும் அதற்கேற்ற ஸ்பீக்கரும்

வாசகர் கேள்வி, 2022 ஜனவரி 8
வீட்டில் பாட்டுக் கேட்க 8 வாட் ஆம்ப்ளிஃபையர் போதும் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறீர்கள். என் காரில் இருப்பதே 4 சேனலுக்கு 50 வாட். 100 வாட் இல்லாமல் பேஸ் வராது என்றுதான் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 95 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவிட்டால் சிறிய ஆம்ப் போதும் என்பது உண்மையா, அல்லது வால்வு (வெற்றிடக் குழல்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்ளும் பேச்சா?

2022 ஜனவரி 8, இரவு
இரண்டும்தான். முதலில் கணக்கு.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 87 என்று பொருள். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வெட்டவெளிக் கணக்கில் 9.5 டெசிபெல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 திரும்பி வரும். சுவர்கள் எதிரொலிப்பதால் இன்னொரு 3 என்று வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் ஏறத்தாழ 83 அல்லது 84.

சராசரி 75 டெசிபெல் என்பது வீட்டில் கவனித்துக் கேட்கும் அளவு; பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து குறைக்கச் சொல்லாத அளவு. அதற்குத் தேவை ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் இசை சராசரியில் நிற்பதில்லை. நல்ல ஒலிப்பதிவில் உச்சங்கள் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபெல் மேலே போகும். 18 என்று வைத்தால் 93 தேவை. அதற்கு 8 வாட். அதாவது சாதாரண 87 டெசிபெல் ஸ்பீக்கரில் 8 வாட் என்பது விளிம்பு. அதே இடத்தில் 97 டெசிபெல் ஸ்பீக்கரை வையுங்கள்: 0.8 வாட் போதும், மீதி எல்லாம் கையிருப்பு.

சராசரி 85 வேண்டும் என்பவருக்கு 87 டெசிபெல் ஸ்பீக்கரில் 80 வாட், 97இல் 8 வாட். அவ்வளவுதான் விஷயம். ஆம்ப்ளிஃபையர் பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்வி.

2022 ஜனவரி 9
50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: கூடுவது 3 டெசிபெல். உன்னிப்பாகக் கேட்டால் தெரியும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். 10 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போவதும், 87 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து 97க்குப் போவதும் ஒரே தாவல்.

2022 ஜனவரி 13
கேள்வி கேட்டவருக்கும் அவருடைய கடைக்காரருக்கும் இன்னொன்று. டிபிஏ3116 சில்லு பொருத்திய உள்ளங்கை அளவு ஆம்ப்கள் '100 வாட்' என்று அச்சிட்டு வருகின்றன. பெரும்பாலானவர்கள் அதை வீட்டில் கிடக்கும் பழைய 12 வோல்ட் அடாப்டரில் செருகுகிறார்கள். 12 வோல்ட் மின்சாரத்தில் பிரிட்ஜ் முறை (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஓட்டும்) ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம், 12ஐ 12ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால், 9 வாட். உள்ளே ஏற்படும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறைவு. 24 வோல்ட் கொடுத்தாலும் 8 ஓமில் 36தான்.

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு '100 வாட்டின் கம்பீரமே தனி' என்று எழுதுபவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது 9 வாட். யாரும் குறை சொன்னதில்லை. இதைவிட நல்ல பரிசோதனையை நான் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

2022 ஜனவரி 15
மாட்டுப் பொங்கல். தெருமுனையில் காலை ஐந்து மணியிலிருந்து குழாய் ஒலிபெருக்கி. தூக்கம் போனதால் எழுதுகிறேன்.

அந்தக் குழாய்க்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சில பத்து வாட் ஆம்ப். ஆனால் சத்தம் இரண்டு தெரு தாண்டுகிறது. காரணம் வாட் அல்ல, குழாய். சிறிய உதரவிதானம் காற்றைத் தள்ளும்போது பெரும்பகுதி ஆற்றல் வீணாகிறது; குழாய் அந்தக் காற்றுக்குப் படிப்படியாக விரியும் வழியைக் கொடுத்து, ஆற்றலைச் சத்தமாக மாற்றுகிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் கொடுத்த மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மீதி எல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில், அதாவது காயிலில், சூடு.

மைக் செட்டில் பேஸ் இல்லையே என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், இல்லை. தாழ்ந்த ஸ்வரத்துக்கு வாய் அகன்ற, நீளமான குழாய் வேண்டும். அதை யாரும் மின்கம்பத்தில் கட்ட முடியாது.

2022 ஜனவரி 22
ஏன் இப்போது எல்லா ஸ்பீக்கரும் 85, 87 என்றே இருக்கின்றன என்று மதுரை நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நீளமான பதில்.

1930களில் வாட் என்பது தங்கம். 2ஏ3 வால்வு 1933இல் வந்தது. ஒற்றை வால்வில் கிடைப்பது 3.5 வாட். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 300பி தனியாக நின்றால் 8 வாட் பக்கம். அந்தக் காலத்துத் திரையரங்குகள் இன்றைய டிவி சவுண்ட்பாருக்குக்கூடப் போதாத வாட்டில் ஒரு கூட்டத்துக்கே வசனம் கேட்கவைத்தன. ஆகவே ஸ்பீக்கர்தான் உழைக்க வேண்டியிருந்தது. பால் கிளிப்ஷ் 1946இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் நிறுவனம் தொடங்கி விற்ற கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர், அறையின் மூலையையே ஹார்னின் (குழாயின்) நீட்சியாகப் பயன்படுத்தியது. ஒரு வாட்டுக்கு 100ஐத் தாண்டும். நம் வீடுகளில் மூலைக்கு மூலை கதவு, அலமாரி, பூஜை மாடம். அது இங்கே நடக்கிற காரியமல்ல.

1954இல் எட்கர் வில்ச்சூரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தது. காற்றுப்புகாத சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, புத்தக அலமாரியில் அடங்கும் அளவில் ஆழ்ந்த பேஸ். அதற்குக் கொடுத்த விலை சென்சிட்டிவிட்டி. கேஎல்எச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் மூன்றாவது எழுத்துக்குரிய ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் இந்தத் துறையில் ஒரு விதியே உண்டு: சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி, மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானது. வாட் மலிவானதும் எல்லோரும் சிறிய பெட்டியையும் பேஸையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதைக் கைவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

'சிறிய பெட்டி, 40 ஹெர்ட்ஸ் பேஸ், 96 டெசிபெல்' என்று எங்காவது அச்சாகியிருந்தால், மூன்றில் ஒன்று பொய். பெரும்பாலும் கடைசி எண்.

2022 ஜனவரி 23
மேலே எழுதியதற்கு ஒரு சான்று: கிளிப்ஷ் ஹெரசி ஸ்பீக்கர் 1957இலிருந்து வருகிறது. நான்காம் பதிப்பில் நிறுவனம் சொல்லும் எண்கள் 99 டெசிபெல், கீழே 48 ஹெர்ட்ஸ் வரை. 12 அங்குல ஊஃபர் (பேஸ் கூம்பு) வைத்த, தரையில் நிற்கும் பெட்டி. அப்படியிருந்தும் 48இல் நிற்கிறது. எந்த இரண்டை எடுத்தார்கள் என்பது தெளிவு.

2022 ஜனவரி 30
இனி என் வீடு.

நான் செய்தவை 8 அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் (எல்லா ஸ்வரத்தையும் ஒற்றைக் கூம்பே பாடும் வகை) வைத்த பெட்டிகள். ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் இல்லை, உச்ச ஸ்வரத்துக்குத் தனி ட்வீட்டர் இல்லை. மரைன் பிளைவுட், எங்கள் பகுதித் தச்சர் செய்தது. பீரோ செய்கிறவர் அவர். 'இவ்வளவு கனமான பலகைக்கு முன்னால் வட்ட ஓட்டையா' என்று பெட்டி முடியும்வரை வருத்தப்பட்டார். டிரைவரின் காகிதத்தில் 95 டெசிபெல் என்று இருக்கும்.

அந்த 95 எங்கே அளந்தது? பெரிய பலகையில் டிரைவரைப் பொருத்தி, நடு ஸ்தாயியில். நம் பெட்டியின் முகம் 30 சென்டிமீட்டர் அகலம். அலைநீளம் பெட்டியைவிடப் பெரிதாகும்போது ஒலி முன்பக்கம் மட்டும் போகாமல் பின்பக்கமும் வழிந்துபோகும். 115ஐ மீட்டரில் அகலத்தால் வகுத்தால் இந்தச் சரிவு எங்கே நடக்கிறது என்று தெரியும்: 30 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 380 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப்போக 6 டெசிபெல் வரை இழப்பு. மிருதங்கத்தின் தொப்பி, ஆண் குரலின் அடித்தளம் எல்லாம் அந்த இழப்புப் பகுதியில்தான் இருக்கின்றன.

இதைச் சரிசெய்ய ஒரு காயிலும் ரெசிஸ்டரும் போட்டால், மேல் பகுதியைக் கீழ்ப்பகுதியின் அளவுக்கு இறக்குகிறோம். 95 என்பது 90 ஆகிவிடும். வாங்கும்போது 95, கேட்கும்போது 90. இதைச் சொல்லாமல் ஃபுல்ரேஞ்ச் டிரைவர் விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

காயிலைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளினேன். சுவர் பேஸைத் திருப்பிக் கொடுத்தது. 'மேடை ஆழம்', அதாவது பாடுபவர்கள் முன்னும் பின்னுமாக நிற்பது போன்ற தோற்றம், கொஞ்சம் தட்டையானது, பரவாயில்லை.

2022 பிப்ரவரி 6
'90 டெசிபெல், 4 ஓம்' என்று போட்டிருக்கும் ஸ்பீக்கரை 6 வாட் வால்வு ஆம்புக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கு: அடிக்குறிப்பைப் படியுங்கள். '2.83 வோல்ட்டுக்கு' என்று இருந்தால், அது 8 ஓமில்தான் ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். ஆக உண்மையான எண் 87. நிறுவனம் பொய் சொல்லவில்லை. உங்களைக் கணக்குப் போட விட்டுவிட்டது.

'அறைக்குள் அளந்தது' என்று போட்டிருந்தால் இன்னும் 3 அல்லது 4 கழித்துக்கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரி 7
ஆமாம், என் முதல் கணக்கில் அறைக்கு 3 டெசிபெல் சேர்த்தது தோராயம்தான். சிமென்ட் சுவரும் மொசைக் தரையும் உள்ள காலியான அறையில் இன்னும் அதிகம் கிடைக்கும், கூடவே எரிச்சலும். கம்பளம், சோபா, புத்தக அலமாரி உள்ள அறையில் குறையும். சதுர அடி கேட்டுத் தனிமடல் அனுப்ப வேண்டாம்.

2022 பிப்ரவரி 20
இப்போது வால்வு பிரியர்களைச் சீண்டப் போகிறேன்.

எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துப் பிழை திருத்தும் முறை) இல்லாத ஒற்றை வால்வு ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 2, 3 ஓம் இருப்பது சாதாரணம். டிரான்சிஸ்டர் ஆம்பில் அது பூஜ்யத்துக்கு மிக அருகில். 8 ஓம் என்று பெயர் பெற்ற ஸ்பீக்கர் எங்குமே 8 ஓமாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 5க்கு இறங்கும், பேஸ் ஒத்ததிர்வில் 30க்கு ஏறும். ஆம்புக்குள் 3 ஓம் உட்கார்ந்திருந்தால், 5 ஓம் இடத்தில் 4 டெசிபெல் போகும், 30 ஓம் இடத்தில் 0.8தான் போகும். வித்தியாசம் 3 டெசிபெல்லுக்கு மேல். அதாவது அந்த ஆம்ப் உங்கள் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடத்தைப் பார்த்து ஒரு டோன் கண்ட்ரோல் போடுகிறது.

ஃபுல்ரேஞ்ச் டிரைவரில் இந்த டோன் கண்ட்ரோல் பெரும்பாலும் நல்ல பக்கம் விழும்: தாழ்ந்த பக்கம் கொஞ்சம் ஏறும், உச்சியும் கொஞ்சம் ஏறும். 'வால்வின் உயிரோட்டம்' என்று நாம் கட்டுரை எழுதுவதில் ஒரு பகுதி இதுதான். சென்னை ரிச்சி தெருவில் 3.3 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி, டிபிஏ3116 ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டுக் கேட்டேன். எனக்கும் என் ஈஎல்84 வால்வு ஆம்புக்கும் நடுவே இருந்த பாசத்தில் பாதி, அந்த இரண்டு ரெசிஸ்டருக்குப் போய்விட்டது.

மீதிப் பாதி? மேல் ஸ்தாயி வீணையில் ஏதோ ஒன்று இன்னும் வால்வில்தான் இருக்கிறது. விளக்கம் இல்லை. விளக்கம் வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

2022 பிப்ரவரி 21
இல்லை, நான் வால்வு எதிரி அல்ல. ஆம்பை விற்கவும் இல்லை. விலை கேட்காதீர்கள்.

நான் சொல்வது இது: சிறிய ஆம்ப் கேட்டு மயங்கியவர்கள் பெரும்பாலும் அதைத் திறமையான ஸ்பீக்கரில் கேட்டவர்கள். பெரிய கூம்பு, இலகுவான காகிதம், வலுவான காந்தம். உதரவிதானம் கொஞ்சம்தான் அசைய வேண்டியிருக்கிறது, காயில் சூடேறுவதில்லை, மிருதங்கத்தின் முதல் அடி நசுங்காமல் வருகிறது. அந்தப் புகழையெல்லாம் மினுமினுக்கும் வால்வு வாங்கிக்கொள்கிறது. அதே ஸ்பீக்கரில் 60 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசுங்கள். யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் 60 வாட் ஆம்ப் வைத்திருப்பவர் 86 டெசிபெல் ஸ்பீக்கர் வைத்திருப்பார்.

2022 ஏப்ரல் 17
வால்வு வேண்டாம், ஆனால் 'கிளாஸ் ஏ' (பாட்டு இல்லாதபோதும் முழு மின்னோட்டம் ஓடும் முறை) வேண்டும் என்பவருக்கு ஜான் லின்ஸ்லி ஹூட் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் 1969 ஏப்ரலில் கொடுத்த 10 வாட் சர்க்யூட்டைப் பரிந்துரைப்பேன். நாலே டிரான்சிஸ்டர். இன்றுவரை உலகெங்கும் ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 10 வாட் போதும் என்பதை அவர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டார். அந்தத் துணிச்சல்தான் சர்க்யூட்டை எளிமையாக வைத்தது. பிரான்சில் ஜான் ஹிராகா 8 வாட் ஆம்புக்கு 'அரக்கன்' என்று பொருள்படும் பெயரே வைத்தார்.

ஒரே எச்சரிக்கை. லின்ஸ்லி ஹூட் சர்க்யூட் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒரு சேனலுக்கு 30 வாட் சூட்டைக் கக்கும். இரண்டு சேனல், ஏப்ரல் மாதம், சென்னை. நான் டிசம்பர் சீசனுக்கு மட்டும் அதை எடுத்து வைக்கிறேன்.

2022 மே 2
வெயில் தொடர்பாக இன்னொன்று, இது வெளிநாட்டுக் கட்டுரைகளில் வராது. மின்விசிறி.

விசிறி நிறுத்திய அறையில் எனக்குப் போதுமான அளவு, விசிறி 5இல் ஓடும்போது போதவில்லை. தம்புரா அடியோடு காணாமல் போகிறது. வால்யூமை 6 டெசிபெல் ஏற்றுகிறேன். அதாவது நான்கு மடங்கு வாட். குளிர்காலத்தில் 2 வாட்டில் முடியும் காரியம் மே மாதத்தில் 8 கேட்கிறது. ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் டெமோ அறையின் ஏசி அமைதியை நம்பாமல், வீட்டு விசிறியை நினைத்துக்கொண்டு கேட்கவும்.

2022 மே 19
எல்எஸ்3/5ஏவைச் சொல்லி மடக்கப் பார்க்கிறார் ஒருவர். பிபிசி 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய சிறிய மானிட்டர் ஸ்பீக்கர். சென்சிட்டிவிட்டி 83க்கு அருகில். என் கணக்குப்படி அது சிறிய வால்வு ஆம்போடு சேரவே கூடாது. ஆனால் பலர் 15 வாட்டில் மகிழ்ச்சியாகக் கேட்கிறார்கள்.

கணக்கு உடையவில்லை. அதன் முதல் பதிப்பு 15 ஓம். வால்வு ஆம்புக்குச் சுமையே இல்லை. இம்பீடன்ஸ் கீழே சரிவதில்லை என்பது வால்வு ஆம்புக்கு இரண்டு மூன்று டெசிபெல் சென்சிட்டிவிட்டியைவிடப் பெரிய உதவி. இரண்டாவது, அதை யாரும் 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதில்லை. மேசைமேல் வைத்துக் கைக்கெட்டும் தூரத்தில் கேட்பார்கள். 3 மீட்டரை 1.5 ஆக்கினால் 6 டெசிபெல் வரை இலவசம். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நாற்காலியை முன்னால் இழுப்பதே போதும்.

மூன்றாவது, என்ன இசை என்பது. பழைய வானொலி நாடாக்களில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு. 2 வாட்டில் நிறைவாகக் கேட்கலாம். நாகசுரம், தவில் நல்ல ஒலிப்பதிவு என்றால் 2 வாட் தவிலின் முதல் சொல்லிலேயே கைவிரிக்கும்.

2022 ஜூலை 3
'98 டெசிபெல் ஹார்ன் வாங்கினேன், இரவில் உஸ் என்று சத்தம் வருகிறது, ஸ்பீக்கர் கெட்டதா?'

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. ஆம்பில் எப்போதும் இருந்ததை இப்போதுதான் கேட்கிறீர்கள். ஆம்பின் இரைச்சல் 1 மில்லிவோல்ட் என்றால் அது 2.83 வோல்ட்டைவிட 69 டெசிபெல் கீழே. 85 டெசிபெல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டரில் 16 டெசிபெல், காதில் விழாது. உங்கள் 98இல் 29. ஊர் அடங்கியபின் விழும். திறமையான ஸ்பீக்கருக்கு ஆம்ப் சிறிதாக இருப்பதைவிட அமைதியாக இருப்பது முக்கியம். நேரடியாக இழை சூடாகும் 2ஏ3, 300பி வகைகளில் இழைக்கு ஏசி கொடுத்திருந்தால் ஹம்மும் (மின்சார முனகல்) சேரும். ஹம்மைக் குறைக்கும் குமிழை மெதுவாகத் திருப்பிக் குறைந்தபட்ச இடத்தைக் கண்டுபிடியுங்கள், பூஜ்யம் வராது.

உஸ் ஹார்னிலிருந்து மட்டும் வருகிறது என்றால், ஹார்னுக்கு முன்னால் இரண்டு ரெசிஸ்டர் கொண்ட எல்-பேட் போட்டு ஊஃபரின் அளவுக்கு இறக்கலாம். உஸ்ஸும் கூடவே இறங்கும்.

2022 ஆகஸ்ட் 14
வாதம் போதும், அளந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கைவினை ஆடியோக்காரர்களிடையே புழங்கும் முறை இது. மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

நீங்கள் வாழ்நாளில் வைக்கக்கூடிய அதிகபட்ச வால்யூமில் உங்களுக்குப் பிடித்த பதிவைப் போடுங்கள். குமிழைத் தொடாதீர்கள். பாட்டை நிறுத்திவிட்டு, முழு அளவைவிட 12 டெசிபெல் குறைவாகப் பதிவான 220 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே ஸ்வரமாக நிற்கும் தூய ஒலி) போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பாருங்கள். வந்த எண்ணை நான்கால் பெருக்கினால், அந்தக் குமிழ் நிலையில் ஆம்ப் கொடுக்க வேண்டிய முழு வோல்ட். அதைத் தன்னோடு பெருக்கி 8ஆல் வகுத்தால் வாட்.

சத்தம் தாங்கவில்லை என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளப்பது டிரான்சிஸ்டர் ஆம்பில் சரி. வால்வு ஆம்பில் ஒருபோதும் கூடாது. சுமை இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம். 8 ஓம் பவர் ரெசிஸ்டர் ஒன்றை அங்கே மாட்டிவிட்டு அளக்கவும்.

சுவரோடு ஒட்டிய என் பெட்டிகளில் விசிறி இல்லாமல் வந்தது 0.6 வோல்ட். முழு அளவுக்கு 2.4, வாட் கணக்கில் 0.72. விசிறி ஓடும்போது 1.2 வோல்ட், ஏறத்தாழ 3 வாட். ஈஎல்84 கொடுப்பது 5.

உங்கள் எண்களை ஸ்பீக்கர் பெயர், உட்காரும் தூரம், விசிறி வேகத்தோடு எழுதுங்கள். '100 வாட்டாவது வேண்டும்' என்பவர்கள் மல்டிமீட்டரின் படத்தையும் சேர்த்து அனுப்பவும்.

2022 ஆகஸ்ட் 16
டிஜிட்டல் வால்யூமைப் பாதியில் வைத்திருந்தாலும் கணக்கு பொருந்தும். பாட்டும் சைன் ஒலியும் ஒரே வழியாகப் போனால் போதும். ஒலியைக் கைபேசியிலும் பாட்டைச் சிடி பிளேயரிலும் போட்டு அளந்தவரின் 0.04 வாட்டை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.